நூற்று நாற்பத்து நான்கு குழி

காலை ஒன்பதேகால் மணிக்கு மினி லாரி திரும்பி வந்தது. சரக்கு ஏற்றிக்கொண்டு போன வண்டி காலியாகத் திரும்பினால்தான் வியாபாரத்துக்கு அழகு. இதுவோ, விடிந்ததும் ஏற்றிவிட்ட எட்டு அட்டைப் பெட்டிகளையும் ஏற்றின மாதிரியே சுமந்துகொண்டு வந்து தகரக் கொட்டகைக்கு முன்னால் நின்றது.

வண்டிக்காரரைத் தெருவில் எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பதுக்கு மேல் ஓட்டினால் வண்டிக்கு மூச்சு வாங்கும் என்று நம்புகிற மனிதர். இறங்கி, கதவைச் சாத்தி, துண்டால் முகத்தைத் துடைத்து, அதை உதறித் தோளில் போட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். அதற்குள் கொட்டகையிலிருந்து அவள், பட்டறைக்காரரின் மனைவி, வாசலுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"என்னண்ணே, பெட்டியோட வந்துட்டீங்க?"

"எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்கம்மா. இந்தாங்க, தாள் குடுத்திருக்காங்க."

தாளில் இரண்டே வரி. எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை. சரக்கு நிராகரிக்கப்படுகிறது.

"குறைஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"குறையலயாம். கூடிருச்சாம்."

கொட்டகைக்குள்ளிருந்து நாத்தனார் எழுந்து வந்தாள். வீட்டுக்காரரின் அக்கா. பாலிஷ் போடுவதும் பாக்கெட் கட்டுவதும் இருபது வருஷமாக அவள் பொறுப்பு. "கூடினதுக்கா திருப்பி அனுப்பினாங்க? வேணாம்னா மிச்சத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதானே? பெரிய கம்பெனிக்காரனுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சா?" என்று கேட்டாள். எக்ஸ்பிரஸ் வண்டி டயரை உதைத்துப் பார்த்தார். டயர் நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் செய்வது பட்டன். தேங்காய் மூடியிலிருந்து, அதாவது எல்லோரும் அடுப்பில் எரிக்கிற கொட்டாங்குச்சியிலிருந்து. ஓட்டைச் சுரண்டி, வட்டம் வட்டமாக வெட்டி, ஒவ்வொரு வட்டத்திலும் நாலு துளை போட்டு, மரத்தூளோடு பீப்பாயில் போட்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றவிட்டால், எரித்துச் சாம்பலாகியிருக்க வேண்டிய ஓடு காப்பிக் கொட்டை நிறத்தில் பளபளவென்று வெளியே வரும். கொட்டாங்குச்சிக் கம்பெனி என்று தெருவில் கிண்டல் செய்தவர்கள் உண்டு. சட்டையில் தைத்துப் பார்த்தவர்கள் கிண்டல் செய்ததில்லை.

வீட்டுக்காரருடைய அப்பா ஆரம்பித்த தொழில் அது. நடுவில் கப்பல் கப்பலாக பிளாஸ்டிக் பட்டன் வந்து இறங்கியது. பத்து தையல்காரரில் எட்டுப் பேர் அதற்குப் போனார்கள். கொட்டகைகள் வரிசையாக இருந்த அந்தத் தெருவில் ஆணி தயாரித்தவர், பிரஷ் கட்டியவர், பூட்டு செய்தவர் என்று ஒவ்வொருவராக ஷட்டரை இறக்கிவிட்டு யாரோ ஒருவரிடம் மாதச் சம்பளத்துக்குப் போனார்கள். வீட்டுக்காரரும் ஊருக்கு வெளியே ஒரு மில்லில் மெஷின் ஓட்ட வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். வருகிற ஒன்றாம் தேதி சேர வேண்டும். பழைய இரும்புக்காரர் வந்து வெட்டும் மெஷினைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தார். அவர் உதட்டைப் பிதுக்கினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் சிறுதொழில்காரர்கள் கூட்டம் என்று ஒன்று போட்டார்கள். மேடையில் நின்ற அதிகாரி, நாட்டின் பொருளாதாரத்துக்கு நீங்கள்தான் முதுகெலும்பு என்று மூன்று தடவை சொன்னார். "முதுகெலும்புங்கிறாரே, மேல ஏறி உக்காரத்தானா?" என்று அவள் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டதும் வரிசையே சிரித்துவிட்டது. ஆனால் அதே கூட்டத்தில்தான் ஒரு நல்ல சேதியும் வந்தது. பெரிய கம்பெனிகள் வாங்குவதில் ஒரு பங்கைச் சின்னப் பட்டறைகளிடம்தான் வாங்க வேண்டும் என்று புது விதி. வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். சட்டை ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றுக்கு மூன்று தடவை நடந்து, நாலாவது தடவை ஒரு டப்பா பட்டனை மேனேஜரம்மாவின் மேஜையில் கொட்டிக் காட்டினாள். முதல் சரக்கு நானூறு பாக்கெட். சரியாக இருந்தால் ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் ஆர்டர்.

அந்த நானூறு பாக்கெட்தான் இப்போது வாசலில் நின்றது.

அவள் மேனேஜரம்மாவுக்கு போன் போட்டாள். திட்டு விழும் என்று நினைத்தாள். அந்த அம்மா பொறுமையாகத்தான் பேசினார். அது திட்டை விட மோசமாக இருந்தது.

"பட்டன் ரொம்ப நல்லா இருக்குங்க. அதுல குறையே இல்ல. பாக்கெட் மேல நூத்தி நாப்பத்தி நாலுன்னு அடிச்சிருக்கீங்க. உள்ள நூத்தி ஐம்பத்தி ஒண்ணு இருக்கு, நூத்தி ஐம்பத்தி ஆறு இருக்கு. பத்துப் பாக்கெட் எண்ணினோம், பத்தும் பத்து விதம்."

"கூடத்தானேம்மா இருக்கு? நாங்க கொசுறு போடறது வழக்கம். குறைஞ்சிடக் கூடாதேன்னு..."

"கேளுங்க. எங்க சட்டைக்கு ஒன்பது பட்டன். ஒரு பாக்கெட் பதினாறு சட்டைக்கு. பதினாறாவது சட்டை முடியறப்போ பாக்கெட் காலியாகணும். ஒரு பட்டன் மிஞ்சினா என்ன அர்த்தம்? எதோ ஒரு சட்டைல பட்டன் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். உடனே தையல் லைனை நிறுத்திடுவாங்க. பதினாறு சட்டையையும் பிரிச்சுத் தேடுவாங்க. உங்க கொசுறால நாப்பது பேர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்."

இத்தனை வருஷமாக ஒருத்தருக்கும் ஒரு பட்டன் குறைத்ததில்லை என்று பெருமையாக இருந்தவர்கள் அவர்கள். அதிகம் கொடுத்தாலும் குற்றமாகும் என்று யார் கண்டது.

"எப்பம்மா வேணும்?"

"நாளைக்குக் காலைல லைன் ஓடுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு கேட் மூடறதுக்குள்ள சரியான எண்ணிக்கையோட வந்தா எடுத்துக்கிறோம். இல்லன்னா பிளாஸ்டிக் பட்டன்காரர்கிட்ட சொல்லிடுவாங்க. நான் சண்டை போட்டுத்தான் உங்களைக் கொண்டு வந்தேன். ரெண்டாவது தடவை என்னால பேச முடியாது."

போனை வைத்தபோது வீட்டுக்காரர் கையில் இருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னாள். அவர் நேரே அக்காவிடம் போனார்.

"எத்தனை தடவை சொன்னேன், எண்ணிப் போடு எண்ணிப் போடுன்னு? உன் தாராள மனசுதான் நம்ம பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுச்சு."

"நீ எப்படா சொன்னே? அப்பா காலத்துலேர்ந்து டம்ளர்லதான் அளக்கறோம். ஒரு டம்ளர் ஒரு பாக்கெட், மேல ஒரு பிடி. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அப்படித்தான்."

"அப்பா காலத்துல தையல்காரன் வாங்கினான். இப்போ மெஷின் வாங்குது. மெஷினுக்குத் தாராள மனசு வேணாம்!"

நாத்தனார் அதற்கு மேல் பேசவில்லை. சண்டை என்று வந்தால் ஒன்றுக்கு ஒன்பது சொல்கிற வாய் அது. அது மூடிக்கொண்டதும் கொட்டகையே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூலையில் மரத்தூள் மூட்டைமேல் போய் உட்கார்ந்து, புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த தூளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாத்தனார்மேல் பரிதாபமாக இருந்தது. ஆனால் பரிதாபப்பட நேரம் இல்லை. "சரி, எண்ணுவோம். இப்பவே உக்காருவோம்," என்றாள். தரையில் துணியை விரித்து ஒரு பாக்கெட்டைக் கொட்டினார்கள். அவள் எண்ணினாள், நூற்று நாற்பத்து நான்கு எடுத்து வைத்தாள். வீட்டுக்காரர் சரிபார்த்தார், நூற்று நாற்பத்து மூன்று என்றார். எக்ஸ்பிரஸ் நிதானமாக, விரலால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணி, நூற்று நாற்பத்து ஐந்து என்றார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பாக்கெட்டுக்கே பத்து நிமிஷம் ஓடிப்போயிருந்தது.

"தராசுல போட்டா?" என்றார் எக்ஸ்பிரஸ்.

"பிளாஸ்டிக்கா இருந்தா போடலாம். இது ஓடு. ஒண்ணு தடியா இருக்கும், ஒண்ணு மெல்லிசா இருக்கும். நூறு பட்டன் ஒரு தடவை நிக்கற எடைல இன்னொரு தடவை நிக்காது," என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். தெருவில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. தகரக் கூரை டப் டப்பென்று சத்தம் போட்டது. அவர் மில்லுக்கு எந்தப் பஸ்ஸில் போவது என்று யோசிக்கிறார் என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அந்த முதுகைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அவள் துளை போடும் மெஷின் பக்கம் திரும்பினாள். மெஷினுக்குக் கீழே ஒரு மரக்கட்டை. கட்டையில் ஒரு குழி. குழியில் ஒரு பட்டன். துளை போடும்போது பட்டன் அசையாமல் இருக்க வீட்டுக்காரர் அதில்தான் வைப்பார். ஒரு குழிக்கு ஒரு பட்டன்தான் உட்காரும். இரண்டாவதை வைத்தால் வழுக்கி விழுந்துவிடும். பதினைந்து வருஷமாகத் தினமும் பார்க்கிற கட்டை.

"என்னங்க! இங்க வாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் யாருக்கோ கை மாட்டிக்கொண்டது என்று நினைத்து மூன்று பேரும் ஓடி வந்தார்கள்.

"இந்தக் குழி ஒரு பட்டனுக்குத்தானே? ஒரு பலகைல நூத்தி நாப்பத்தி நாலு குழி இருந்தா? மேல அள்ளிக் கொட்டி ஆட்டினா, குழிக்கு ஒண்ணா உக்காந்துக்கும். மிச்சத்தைச் சரிச்சு விட்டுடலாம். குழி நிறைஞ்சா நூத்தி நாப்பத்தி நாலு. எண்ணவே வேணாம்!"

வீட்டுக்காரர் கட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஒரு பட்டனை எடுத்துக் குழியில் போட்டு, மேலே இன்னொன்றை வைத்து, கட்டையைச் சாய்த்தார். மேலே வைத்தது தரையில் விழுந்து உருண்டு போனது.

"பன்னண்டு வரிசை, வரிசைக்குப் பன்னண்டு," என்றார் மெதுவாக. அவருக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்குத் தோன்றியது.

பக்கத்துக் கொட்டகை கார்பென்டருடையது. அலமாரி, மேஜை செய்கிறவர். வாயில் எப்போதும் பென்சில் இருக்கும். பேசும்போதும் எடுக்க மாட்டார். அதனால் அவர் சொல்வது பாதிதான் புரியும். மீதியை அவர் கை செய்து காட்டிவிடும். அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பலகையை எடுத்துக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

"குழி எவ்வளவு அகலம், தங்கச்சி?"

"பட்டன் பதினஞ்சு மில்லி. ஒரு மில்லி கூட வச்சுக்கங்கண்ணே."

"ஆழம்?"

அங்கேதான் அவசரப்பட்டார்கள். பட்டன் முழுசாக உள்ளே உட்காரட்டும் என்று நாலு மில்லி சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். கார்பென்டர் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் மெஷினை இறக்கினார். அரைமணி நேரம் மரத்தூள் பறந்தது. மூன்று பக்கம் விளிம்பு அடித்து, நாலாவது பக்கத்தைத் திறந்து விட்டார். பலகையைக் கையில் வாங்கியபோது இன்னும் சூடாக இருந்தது.

கொட்டினார்கள். ஆட்டினார்கள். சாய்த்தார்கள். குழியெல்லாம் நிறைந்து நின்றது. நிறைந்ததைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தால் நூற்று நாற்பத்து ஒன்பது.

"ஐயோ," என்றாள் அவள்.

எக்ஸ்பிரஸ்தான் குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தார். நிதானமான மனிதர் கூட இருப்பதிலும் ஒரு லாபம் உண்டு. "மெல்லிசா இருக்கறது ஒண்ணு மேல ஒண்ணு ஜோடியா படுத்திருக்கும்மா. குழி ஆழம் ஜாஸ்தி."

மணி பதினொன்று. இன்னொரு பலகைக்கு இன்னொரு அரைமணி என்று வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கார்பென்டர் முதல் தடவையாகப் பேசுவதற்கென்று பென்சிலை வாயிலிருந்து எடுத்தார்.

"குழி ஆழமா இருந்தா குழியை ஏன் மாத்தணும்? பலகையை இழைச்சா போச்சு!"

விளிம்பைக் கழற்றிவிட்டு, இழைப்புளியை எடுத்து மேல்பக்கத்தைச் சீவினார். சுருள் சுருளாக மரச்சீவல் விழ விழ, நூற்று நாற்பத்து நான்கு குழியும் ஒரே நேரத்தில் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மில்லி சீவி நிறுத்தினார். மறுபடி விளிம்பு. மறுபடி கொட்டி, ஆட்டி, சாய்த்து, கவிழ்த்து, இந்தத் தடவை ஆளுக்கு ஒரு தடவை எண்ணினார்கள். நூற்று நாற்பத்து நான்கு. நூற்று நாற்பத்து நான்கு. எக்ஸ்பிரஸுக்கும் நூற்று நாற்பத்து நான்கு.

"இன்னொண்ணு போடறேன். ரெண்டு ஆள் ஆட்டலாம்," என்று சொல்லிக்கொண்டே கார்பென்டர் பென்சிலை வாயில் வைத்தார். அதற்கு மேல் அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை.

அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு நேரே, மறுபடி மூட்டைமேல் போய் உட்கார்ந்துவிட்ட நாத்தனாரிடம் போனாள்.

"அண்ணி, எந்திரிங்க. இது உங்க வேலை."

"எனக்கு எதுக்கும்மா? நான்தான் பொழப்பைக் கெடுத்தவளாச்சே."

"அவர் பேசினதுக்கு அப்புறமா ரெண்டு பேருமாச் சேர்ந்து அவரைக் கவனிச்சுக்கலாம். இப்போ உங்க கை மாதிரி எனக்கு வராது. வாங்க அண்ணி."

நாத்தனார் வேண்டாவெறுப்பாகத்தான் உட்கார்ந்தாள். பாக்கெட் ஓரத்தைக் கத்தரித்து, பலகையில் கொட்டி, ஏனோதானோ என்று ஆட்டினாள். முதல் பாக்கெட்டில் ஏழு மிஞ்சியது. அடுத்ததில் பத்து. "பாத்தியா, தாராளமாத்தான் போட்டிருக்கேன்," என்று முணுமுணுத்தாள். ஆறாவது பாக்கெட்டை ஆட்டிச் சாய்த்தபோது ஒன்றுமே சரிந்து விழவில்லை. இன்னொரு தடவை ஆட்டினாள். கடைசி வரிசையில் மூன்று குழி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"குறையுது," என்றாள் நாத்தனார். குரல் மாறிப்போயிருந்தது. "நான் போட்டதுல மூணு குறையுது."

தடியான பட்டன்களாக வந்து டம்ளரை அடைத்துக்கொண்டிருக்கும்; ஒரு பிடி போட்டும் எட்டவில்லை. இருபது வருஷத்தில் இப்படி எத்தனை பாக்கெட் போயிருக்குமோ. நாத்தனார் மூன்று பட்டனை எடுத்து மூன்று குழியிலும் விரலால் அழுத்தி வைத்தாள். பிறகு தலைமுடியை இழுத்து முடிந்துகொண்டு, புடவையைச் செருகிக்கொண்டாள். "டேய் தம்பி, அந்த ரெண்டாவது பெட்டியை இப்படித் தள்ளு. நின்னு வேடிக்கை பாக்காதே."

அதற்கப்புறம் அந்தக் கொட்டகையில் நடந்த வேலையை வேலை என்று சொன்னால் போதாது. எக்ஸ்பிரஸ் பாக்கெட் ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்தார். நாத்தனார் ஒரு பலகை, அவள் ஒரு பலகை. கொட்டு, ஆட்டு, சாய், பார், கவிழ். பலகையைத் தகரத் தட்டில் கவிழ்த்தால் பட்டன்கள் சடசடவென்று மழை மாதிரி விழும். தட்டின் மூக்கு வழியாகப் பாக்கெட்டுக்குள் இறங்கும். வீட்டுக்காரர் வாயைச் சூடு வைத்து ஒட்டிப் பெட்டியில் அடுக்குவார். கூரை வெயில் நெருப்பாக இறங்கியது. மின்விசிறியைப் போட முடியாது, தூள் பறக்கும். நாலு பேருக்கும் சட்டையும் ரவிக்கையும் தொப்பலாக நனைந்துவிட்டன. மத்தியானம் கார்பென்டர் வீட்டிலிருந்து சோறும் அவித்த முட்டையும் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் ஒரு கையால் உருட்டி நாத்தனார் வாயில் வைத்தாள். நாத்தனார் மென்றுகொண்டே ஆட்டினாள்.

"அண்ணி, நிமிஷத்துக்கு ரெண்டு போடறீங்க!"

"பேசாதேம்மா, பேசினா கை நிக்குது."

வீட்டுக்காரருக்கும் அக்காவிடம் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. மூன்று தடவை வாயைத் திறந்து மூடினார். கடைசியில், "அக்கா, டீ போடவா?" என்றார். அவர் டீ போட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. "சர்க்கரை ரெண்டு ஸ்பூன்," என்றாள் நாத்தனார். அத்தோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

மூன்றேகாலுக்கு நானூறாவது பாக்கெட்டை ஒட்டினார்கள். மிஞ்சிய பட்டன்கள் ஒரு தொட்டி நிறையக் கிடந்தன. நாத்தனார் அதில் கையை விட்டு அள்ளிப் பார்த்தாள். அதையும் பலகையில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குக் கை துறுதுறுத்தது. போட்டுப் பார்த்ததில் முழுசாக இருபத்திரண்டு பாக்கெட் வந்தது. ஒவ்வொரு நானூறு பாக்கெட்டுக்கும் இருபத்திரண்டு பாக்கெட் சரக்கைச் சும்மா வாரிக் கொடுத்திருக்கிறார்கள். "நாமதான் நாட்டுக்கு முதுகெலும்புன்னு அந்த ஆளு சும்மா சொல்லல," என்றாள் அவள். வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்றரைக்கு வண்டி கிளம்பியது. முன்னால் அவளும் வீட்டுக்காரரும். நாத்தனார் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில், பலகையை மடியில் வைத்துக்கொண்டு. எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், என் கை பட்டது," என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எக்ஸ்பிரஸ் நாற்பத்தைந்தில் ஓட்டினார். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேட்டை அடைந்தபோது மணி நாலே முக்கால். ஸ்டோர்காரர் வாட்சைப் பார்த்து, பெட்டிகளைப் பார்த்து, அவர்கள் உடம்பெல்லாம் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தார். காலையில் திருப்பி அனுப்பியதே அவர்தான். "நானூறையும் ஒரே பகல்ல எண்ணிட்டீங்களா?" என்றார். நம்பவில்லை என்பதை மறைக்கக்கூட அவர் முயற்சி செய்யவில்லை. பெட்டிக்கொரு மூலையிலிருந்து பாக்கெட் எடுத்து எண்ணும் மெஷினில் கொட்டினார். மெஷின் கடகடவென்று விழுங்கி எண்ணைக் காட்டியது.

நூற்று நாற்பத்து நான்கு. இரண்டாவதும் அதே. பத்து பாக்கெட், பத்தும் அதே. மேனேஜரம்மா இறங்கி வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். ஸ்டோர்காரருக்கு மனசு ஆறவில்லை. இன்னும் பத்து எடுத்தார். பதினாறாவது பாக்கெட்டில் மெஷின் நூற்று நாற்பத்து மூன்று என்றது.

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "பாத்தீங்களா மேடம்," என்றார் ஸ்டோர்காரர்.

"இருங்க சார்!" நாத்தனார் வண்டியிலிருந்து பலகையோடு குதித்து வந்தாள். "அந்தப் பாக்கெட்டை இதுல கொட்டுங்க."

"மெஷினே சொல்லிடுச்சேம்மா."

"மெஷின் சொன்னா சொல்லட்டும். நீங்க கொட்டுங்க."

மேனேஜரம்மா தலையசைத்தார். கொட்டினார்கள். நாத்தனார் ஆட்டினாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நூற்று நாற்பத்து மூன்று குழி நிறைந்திருந்தது. ஒரு குழி காலி. நாத்தனார் மட்டும் அசரவில்லை. நேரே மெஷினிடம் போய், அதன் வாயைக் கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். கண்ணாடிக் குழாய் ஓரத்தில் சிக்கியிருந்த ஒரு பட்டன் டிங்கென்று கீழே விழுந்து உருண்டது. அதை எடுத்துக் காலிக் குழியில் வைத்து அழுத்தினாள்.

"நூத்தி நாப்பத்தி நாலு. உங்க மெஷின் ஒண்ணை முழுங்கிடுச்சு சார். எங்க பலகை முழுங்காது."

மேனேஜரம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். ஸ்டோர்காரர் மெஷினைத் திறந்து பார்த்து, மூடி, அதற்கு மேல் ஒரு பாக்கெட்டும் எடுக்காமல் தாளில் கையெழுத்துப் போட்டார். எட்டுப் பெட்டியும் உள்ளே போனது. ஐந்து மணிக்குக் கேட்டை மூடினார்கள். அவர்கள் மூன்று பேரும் உள்பக்கம் இருந்தார்கள்.

மேனேஜரம்மாவின் அறையில் உட்காரவைத்தார்கள். "ஒரு வருஷ ஆர்டர் உங்களுக்குத்தான். உண்மையைச் சொன்னா, புது விதிக்காகத்தான் உங்களைச் சேர்த்தோம். இப்போ அந்த விதி இல்லன்னாலும் சேர்ப்பேன்," என்றார். வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு வெளியே போய் மில்லுக்கு போன் பண்ணிவிட்டு வந்தார். "வரலன்னு சொல்லிட்டேன்," என்று அவள் காதில் சொன்னார். "நமக்கே ரெண்டு ஆள் வேணும், யாராவது இருந்தா சொல்லுங்கன்னும் சொல்லிட்டேன்." அவர் வாயெல்லாம் பல்.

மேனேஜரம்மாவின் கண் பலகை மேலேயே இருந்தது. "இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கலம்மா, இன்னைக்குக் காலைல செஞ்சோம்," என்றாள் அவள்.

"எங்களுக்குப் பதினெட்டு இடத்துலேர்ந்து பட்டன் வருது. எல்லாரோடயும் இதே சண்டைதான். லைன்லயும் ஆளுக்கு ஒண்ணு இருந்தா வசதி. நாப்பது பலகை செஞ்சு தருவீங்களா? ரெண்டு மூணு சைஸ்ல?"

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் எப்போதும் விலையைப் பாதியாகச் சொல்லி, அதிலும் குறைத்துக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் முந்திக்கொண்டாள்.

"தர்றோம்மா. ஒண்ணு ஆயிரத்து இருநூறு."

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துத்தாம்மா சொன்னேன். நல்ல கார்பென்டர் கை. ஆழம் ஒரு மில்லி தப்பினாலும் பலகை விறகு. மாசக் கடைசில நாப்பதும் வரும்."

மேனேஜரம்மா பலகையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சரி," என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்தார். பட்டன் படிவத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். பலகைப் படிவத்தையும் பழக்கத்தில் தன் பக்கம் இழுத்தார். நாத்தனார் அவர் கையில் ஒரு தட்டு தட்டினாள், மெஷினைத் தட்டின மாதிரியே.

"உனக்கு எதுக்குடா அது? யோசனை யாரோடது?"

வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு படிவத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தி, பேனாவையும் மேலே வைத்தார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து எத்தனையோ தாள்களில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எல்லாம் கீழே, ஓரத்தில், சாட்சி என்று அச்சடித்த இடத்தில். இந்தத் தாளில் விரல் தானாக அந்த ஓரத்துக்குத்தான் போனது. மேனேஜரம்மா பேனாவைப் பிடித்து மேலே ஒரு கட்டத்தைக் காட்டினார்.

"இங்க போடுங்க. உரிமையாளர்."

மரத்தூள் ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் போட்டாள். அவசரப்படாமல், முழுப் பெயரையும், ஒரு எழுத்து விடாமல்.